அண்ணி எஞ்சினைக் கழற்றச் சொன்ன நாள்

எங்கள் அண்ணிக்கு ஆபீசில் வைத்த பெயர் 'கறார்'. வீட்டில் அம்மா வைத்த பெயர் 'ஆபீஸர் அம்மா'. இரண்டையும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். இரண்டும் அவருக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார்.

அண்ணி ரயில்வேயில் கண்ட்ரோலர். ரயில் ஓட்டுவதும் இல்லை, கொடி காட்டுவதும் இல்லை. ஜன்னலே இல்லாத ஒரு ஹாலில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே ஒதுங்க வேண்டும், எது எதற்கு வழிவிட வேண்டும் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சொல்கிற வேலை. "ஊர்ல இருக்கிற ரயிலையெல்லாம் நேரத்துக்கு விடுறா, அடுப்புல பால் பொங்குறது மட்டும் கண்ணுக்குத் தெரியல" என்று அம்மா எங்கள் அக்காவிடம் போனில் சொல்வாள். அண்ணி பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பார்.

அண்ணியின் அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். டிப்போ வாசலில் இருந்த தகரக் கூண்டுக்குள் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் அண்ணி பள்ளிப் பாடம் படித்தார். தாமதமாக வந்த டிரைவர்கள் சொல்லும் சாக்கையெல்லாம் கேட்டு வளர்ந்ததால், குரலை வைத்தே யார் புளுகுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். பரீட்சை எழுதி ஒரு சின்ன ஸ்டேஷனில் மாஸ்டராகச் சேர்ந்து, அங்கிருந்து கண்ட்ரோலுக்கு வந்தார். அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். வீட்டில் சத்தம் போட்டுப் பேசுகிறவள் என்றால் அது அம்மா ஒருத்திதான்.

அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வார்டில் டாக்டர்களே அவள் வருவதைப் பார்த்தால் குரலைத் தாழ்த்துவார்களாம். அப்படிப்பட்டவளுக்கு, தன்னைப் பார்த்துப் பயப்படாத மருமகள் வாய்த்தாள். இரண்டு பேரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. போட்டிருந்தால் தேவலை. "சாப்டீங்களா அத்தை", "ஆச்சும்மா", அவ்வளவுதான். ஒரு வீட்டில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகிற மாதிரி இருந்தார்கள். அம்மா பாதி நாள் தொலைதூரத்தில் இருந்த அக்கா வீட்டில் இருப்பாள், பாதி நாள் எங்களோடு.

அந்த முறை அம்மா அக்கா வீட்டிலிருந்து எக்ஸ்பிரஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே அண்ணிதான். கீழ் பெர்த் கிடைக்கும்வரை விடாமல் பார்த்து எடுத்தார்.

வண்டி பாதி தூரம் வந்திருந்தபோது, மெயின் லைனில் முன்னால் ஓரிடத்தில் தண்டவாளத்தைத் தாங்கும் மண் கரை மழையில் சரிந்துவிட்டது. அன்று நடந்ததை அண்ணி எனக்குப் பிற்பாடு துண்டு துண்டாகச் சொன்னார். மீதியை அந்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

காலை ஷிப்டில் அண்ணி தன் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சீஃப் கண்ட்ரோலர் அவர் மேஜைக்கே நடந்து வந்தார். அவர் இருந்த இடத்தைவிட்டு எழுந்து வந்தாலே நல்ல சேதி இல்லை என்று அர்த்தம்.

"மேடம், மெயின் லைன் போச்சு. தண்டவாளம் அந்தரத்துல தொங்குது. எக்ஸ்பிரஸை உங்க லைன்ல திருப்பி விடுறோம்."

"என் லைன்ல இடம் எங்க சார் இருக்கு? எல்லா ஸ்டேஷன்லயும் கூட்ஸ் நிக்குது."

"இடம் இருந்தா நான் ஏன் மேடம் இவ்வளவு தூரம் நடந்து வரேன்."

அண்ணியின் பொறுப்பில் இருந்தது நிலக்கரி போகிற பாதை. ஒற்றைத் தண்டவாளம். சுரங்கத்திலிருந்து மின் நிலையத்துக்கு லோடு வண்டிகள் ஒரு பக்கம், காலி வண்டிகள் மறுபக்கம், பகல் இரவு பார்க்காமல் ஓடும். ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொள்வதற்காக மட்டுமே வழியில் சில ஸ்டேஷன்கள். ஸ்டேஷன் என்றால் ஓர் அறை, ஒதுங்க ஒரு கிளைத் தண்டவாளம், ஓர் அடி பம்பு. மனிதர்கள் ஏறி இறங்குகிற இடமே இல்லை என்பதால் பிளாட்பாரம் கிடையாது. அப்படிப்பட்ட பாதையில், பெட்டி பெட்டியாக ஜனங்களைச் சுமந்துகொண்டு ஒரு நீண்ட வண்டி வரப் போகிறது. அதன் டிரைவருக்கு இந்தப் பாதையின் வளைவு தெரியாது, ஏற்றம் தெரியாது. வழி காட்ட ஒரு கூட்ஸ் டிரைவரை அவர் பக்கத்தில் ஏற்றி அனுப்பினார்கள்.

அண்ணி வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கூப்பிட்டு கூட்ஸ் வண்டிகளை ஓரம் கட்டினார். பக்கத்து மேஜைக்காரருக்கு 'வானொலி' என்று பெயர். வாய் ஓயாதவர். "மந்திரி காருக்கு லாரியை ஒதுக்குற மாதிரி ஒதுக்குறீங்களே மேடம்" என்றார். அண்ணி சிரித்தாராம். அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

ஒரே ஒரு லோடு வண்டியை மட்டும் ஒதுக்க முடியவில்லை. இரண்டு எஞ்சின் பூட்டிய நிலக்கரி வண்டி. எந்தக் கிளைத் தண்டவாளத்திலும் அடங்காத நீளம். அதை எக்ஸ்பிரஸுக்கு முன்னாலேயே அனுப்பி, வழியில் இருக்கிற மேட்டைத் தாண்ட வைத்து, அந்தப் பக்கத்துப் பெரிய ஸ்டேஷனில் நிறுத்திவிடலாம் என்று அண்ணி முடிவு செய்தார். சரியான முடிவுதான். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மேட்டில் பாதி ஏறியதும் அந்த வண்டியின் ஓர் எஞ்சின் செத்துப் போனது. மிச்சமிருந்த எஞ்சின் இழுத்துப் பார்த்தது, சக்கரம் வழுக்கியது, நின்றுவிட்டது. அதற்குப் பின்னால், மேட்டுக்குக் கீழே இருந்த சின்ன ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் வந்து நின்றது. அங்கே கிளைத் தண்டவாளத்தில் எஞ்சின் இல்லாத காலி வேகன்கள் கிடந்தன. முன்னால் மலை மாதிரி நிலக்கரி. பக்கத்தில் காலி வேகன்கள். எக்ஸ்பிரஸைத் தாண்டிப் பின்னாலிருந்து வேறு எதுவும் வர வழியில்லை.

மெயின் லைன் பக்கம் கொட்டிய மழையில் ஒரு சொட்டுகூட இங்கே விழவில்லை. மேகம் மூடிக்கொண்டு புழுக்கம் மட்டும்.

"உதவி எஞ்சின் மேட்டுக்கு அந்தப் பக்கத்திலேர்ந்துதான் வரணும்" என்றார் சீஃப். "ஜங்ஷன்ல கேட்டேன். சாயங்காலத்துக்கு மேல ஆகும்கிறாங்க."

"எக்ஸ்பிரஸ் எஞ்சின் இருக்கே சார். கழட்டி, பின்னாலேர்ந்து கூட்ஸைத் தள்ளிக்கிட்டுப் போய் விட்டுட்டு வரட்டும்."

"பெட்டிக்கெல்லாம் கரண்டே அந்த எஞ்சின்லேர்ந்துதான். கழட்டினா ஃபேன் நின்னுடும்."

"ஒரு மணி நேரம் நிக்கும். கழட்டலைன்னா ராத்திரி வரைக்கும் வண்டியே நிக்கும்."

சீஃப் தலையைச் சொறிந்தார். "நீங்க சொல்றது சரிதான். உத்தரவு உங்க பேர்ல போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டேஷன் மாஸ்டருக்கு அண்ணி உத்தரவு கொடுத்தார். எஞ்சினைக் கழற்றுங்கள், ஜனங்களை இறங்க விடாதீர்கள்.

"மேடம், இங்க நான் ஒருத்தன், தண்டவாளம் மாத்துற பாயிண்ட்ஸ்மேன் ஒருத்தர். மைக் கிடையாது. பாதிப் பேர் ஏற்கெனவே இறங்கி தண்டவாளத்துல உக்காந்திருக்காங்க."

"முடிஞ்சவரைக்கும் சொல்லுங்க."

எஞ்சின் கழன்று மேட்டைப் பார்த்துப் போனது. பெட்டிகளில் விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன.

அப்போது வானொலி தன் ஹெட்போனைக் கழற்றினார். "மேடம், உங்க மாமியார் அந்த வண்டியில வரதா சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"நான் உங்க மேஜையைப் பாத்துக்கறேன். வெளிய போய் ஒரு போன் போட்டுட்டு வாங்க."

கண்ட்ரோல் ஹாலுக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. வாசலில் இருக்கிற அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எழுந்து போய் எடுத்துப் பேசிவிட்டு வரலாம். ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"வண்டியில ஆயிரம் பேர் இருக்காங்க. ஒருத்தங்களுக்கு மட்டும் என்ன" என்றார் அண்ணி.

வானொலி மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை முடியவில்லை. எஞ்சினுக்கும் கூட்ஸின் கடைசி வேகனுக்கும் நடுவில் கொக்கி சரியாக மாட்டவில்லை. மாட்டி, தள்ளி, நின்று, மறுபடி தள்ளி, நத்தை மாதிரி அந்த நிலக்கரி மேடு ஏறியது. அண்ணி அதையே கவனித்துக்கொண்டிருந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டார்.

"மேடம், முன்பதிவு இல்லாத பெட்டியில ஒருத்தர் மயங்கி விழுந்துட்டார். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாராம். உள்ள மூச்சு விட இடமில்ல, அவ்வளவு கூட்டம்."

"ஆம்புலன்ஸ்?"

"இந்த மண் பாதையில எங்க மேடம் வரும். ஜீப்புக்குச் சொல்லியிருக்கேன். இன்னொண்ணு, ஒரு வயசான அம்மாவும் ஜல்லியில விழுந்து கிடக்காங்க. நர்ஸ் யாராவது இருக்கீங்களான்னு பசங்க கத்திக்கிட்டே போனாங்க. கேட்டுட்டு இந்த அம்மா பக்கத்துப் பெட்டியிலேர்ந்து குதிச்சிருக்காங்க. படிக்கும் தரைக்கும் இவ்வளவு உயரம். எழுந்திருக்க முடியல."

அண்ணிக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டார். "அந்த அம்மா பேசுறாங்களா?"

"பேசுறாங்களாவா? திட்டுறாங்க மேடம். கண்ட்ரோல்ல உக்காந்திருக்கிறவன் எவன்டான்னு கேக்குறாங்க. என்னைத் தூக்காதீங்க, அந்த ஆளை முதல்ல பாருங்க, மல்லாக்கப் படுக்க வைங்க, சட்டையைக் கழட்டுங்கன்னு கீழே கிடந்தபடியே ஆர்டர் போடுறாங்க."

"அவங்க சொல்ற மாதிரியே செய்யுங்க" என்றார் அண்ணி.

எஞ்சின் திரும்பி வந்து பூட்டிக்கொண்டது. விசிறிகள் மறுபடி சுழன்றன. ஜீப் வந்தபாடில்லை, வரவும் இல்லை. இரண்டு பேரையும் அதே வண்டியில் ஏற்றினார்கள். அடுத்த ஊருக்கு முன்னாலேயே அந்த ஆள் இறந்துவிட்டார். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். வேலை தேடிப் போய்க்கொண்டிருந்தார். அவர் நகத்தில் பச்சை பெயின்ட் காய்ந்திருந்தது என்று அம்மா பிறகு சொன்னாள். அவள் அவரைக் கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான், எல்லாம் முடிந்த பிறகு, எதிர் பெர்த்தில்.

அண்ணி மாற்று ஆள் வரும்வரை நாற்காலியைவிட்டு எழவில்லை. எக்ஸ்பிரஸை மெயின் லைனில் சேர்த்துவிட்டுத்தான் எழுந்தார். நானும் அண்ணனும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தபோது அலுவலகப் பையோடு நேராக வந்தார். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உள்ளே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் கேட்டான். "எஞ்சினைக் கழட்டி விட்டாங்களாமே. யாரு சொன்னது?"

"நான்தான்."

"அம்மா அதுல இருக்காங்கன்னு தெரியுமா?"

"தெரியும்."

 அண்ணன் மருந்து வாங்கப் போனான். என்னைக் கூப்பிட்டால் நான் போயிருப்பேன், கூப்பிடவில்லை. அந்த வராந்தாவில் அண்ணியோடு நிற்காமல் இருக்க அவனுக்கு எதையாவது செய்ய வேண்டியிருந்தது, போய்விட்டான்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். அக்கா அங்கிருந்து வந்து இறங்கியதும் அண்ணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சமையலறையில் பாத்திரங்களை அவள் வைத்த சத்தமே பேசியது. அண்ணி ஷிப்டுக்குப் போய்விட்டு வந்து ஆஸ்பத்திரியில் இருப்பார். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க, துடைக்க, தலை வார எல்லாம் அவர்தான். அம்மாவுக்கு அதுவரை விஷயம் தெரியாது. "அந்தப் படுபாவி யாருன்னு கேட்டுச் சொல்லும்மா, உன் ஆபீஸ்தானே" என்று அண்ணியிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். யார் சொல்வது என்று நாங்கள் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டோம்.

விசாரணை வைத்தார்கள். அண்ணியின் முடிவில் தவறில்லை, வேறு வழி இருந்திருக்காது, எஞ்சினை எடுத்திருக்காவிட்டால் இன்னும் எத்தனை பேர் விழுந்திருப்பார்களோ என்று அதிகாரிகள் சொன்னார்கள். நான் அண்ணியைக் கூட்டிவரப் போயிருந்தேன். வெளியே பெஞ்சில் பெயின்டரின் மனைவியும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி வெளியே வந்ததும் தம்பி எழுந்தார். கோபமாக வரவில்லை. ஒரு விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"எஞ்சின் இருந்திருந்தா ஃபேன் ஓடியிருக்குமில்ல மேடம்?"

பின்னால் வந்த சீஃப் அண்ணியின் காதில் மெதுவாக, "இதயம் ஏற்கெனவே பழுதாகி இருந்திருக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார், சொல்லுங்க" என்றார்.

"ஓடியிருக்கும்" என்றார் அண்ணி.

தம்பி தலையை ஆட்டினார். பெயின்டரின் மனைவி நிமிர்ந்தே பார்க்கவில்லை.  வண்டியில் திரும்பி வரும்போது நான் கேட்டேன், "மீதியையும் சொல்லியிருக்கலாமே அண்ணி, ராத்திரி வரைக்கும் நின்னிருக்கும்னு."

"அது அவங்க கேட்ட கேள்வி இல்லையே" என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணி ஆடைகூட மாற்றாமல் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள் அம்மா. கம்பி வைத்துத் தைத்த இடம் இன்னும் ஆறவில்லை. அக்கா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள், அண்ணன் உள்ளே ஏதோ தேடுகிற மாதிரி நின்றான்.

"அத்தை, அந்தப் படுபாவி நான்தான்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். புரிய நேரம் ஆகவில்லை. நர்ஸ் வேலை பார்த்தவள், எந்தச் சேதியையும் முகத்தில் காட்டாமல் வாங்கிப் பழகியவள்.

"நான் வண்டியில இருக்கேன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான் அத்தை."

"போன்ல கூப்பிட்டு இறங்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாம போச்சா?"

"முடியும். எழுந்து போயிருக்கலாம். போகல."

"ஏன்?"

 "எல்லாருக்கும் சொல்ல முடியாததை உங்களுக்கு மட்டும் எப்படிச் சொல்றதுன்னு அப்ப தோணுச்சு. இப்ப யோசிச்சா, அதுதானா காரணம்னு தெரியல. உங்க குரலைக் கேட்டா என் கை ஓடாதோன்னும் இருந்திருக்கலாம். இல்ல, உங்ககிட்ட என்னிக்கும் நாலு வார்த்தைக்கு மேல பேசினதில்ல, அதனாலயும் இருக்கலாம். எனக்கே தெரியல அத்தை."

அக்கா ஏதோ சொல்ல வந்தாள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ சொல்லியிருந்தாலும் நான் இறங்கியிருப்பேன்" என்றாள் அம்மா. "நர்ஸ்னு கூப்பிட்டா உக்காந்திருக்க முடியுமா என்னால. ஆனா நீ சொல்லியிருக்கணும்."

"ஆமா அத்தை."

"விழாம இருந்திருந்தா நான் அவன்கிட்ட போய்ச் சேர்ந்திருப்பேன். அவ்வளவு கிட்ட இருந்தான். பெட்டி வாசல்ல அவன் கால் தெரிஞ்சுது." அம்மாவின் குரல் அங்கே உடைந்தது. அவள் அழுது நாங்கள் பார்த்தது அப்பா போனபோதுகூட இல்லை. அண்ணி அவள் கையைப் பிடிக்கவில்லை. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கம் நகர்த்தி, அப்படியே உட்கார்ந்திருந்தார். அக்கா உள்ளே போய்விட்டாள்.

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். அக்கா இன்றுவரை அண்ணியோடு சரியாகப் பேசுவதில்லை. அண்ணன் பேசுகிறான், சிரிக்கிறான், ஆனால் வேலையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. முன்பெல்லாம் சாப்பிடும்போது "இன்னிக்கு எத்தனை வண்டியை மோத விடாம காப்பாத்துன" என்று கேலி செய்வான். அண்ணியும் அதை அவனிடம் எதிர்பார்ப்பதாகத் தெரியவில்லை. நிலக்கரிப் பாதையில் பயணிகள் வண்டி வந்தால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தண்ணீர் வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும், எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்னால் வண்டியில் டாக்டர், நர்ஸ் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஒரே ஒரு ஸ்டேஷனுக்கு மைக் வந்தது. அதுவும் மேட்டுக்குக் கீழே இருக்கிற அந்த ஸ்டேஷனுக்கு இல்லை. மெயின் லைனைச் சரிசெய்துவிட்டார்கள், இனி எக்ஸ்பிரஸ் உங்கள் பக்கம் வராது, ஏன் கவலைப்படுகிறீர்கள் என்று கேட்டார்களாம்.

வேறு பிரிவுக்கு மாற்றிக்கொண்டு போகலாம் என்று சீஃப் சொன்னபோது அண்ணி வேண்டாம் என்றுவிட்டார். பெயின்டரின் வீடு எங்கே என்று விசாரித்து ஒருமுறை தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். ஏன் போனார், ஏன் திரும்பினார் என்று நான் கேட்கவில்லை.

அம்மா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் அறைக்குமாக நடக்கிறாள். அக்கா எவ்வளவு கூப்பிட்டும் அங்கே போகவில்லை. "ரயில்ல ஏற முடியாது" என்பது அவள் சொல்லும் காரணம். அண்ணி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கூடத்திலிருந்து குரல் வரும்.

"இன்னிக்கு எல்லாம் போய்ச் சேர்ந்துச்சா?"

"சேர்ந்துச்சு அத்தை" என்பார் அண்ணி. சில நாள், "ஒண்ணு இன்னும் நிக்குது" என்பார்.

 அப்படிச் சொன்ன நாளில் அம்மா டிவியை நிறுத்திவிட்டு, அண்ணி முகம் கழுவி வரும்வரை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.